அறிவிப்புக்கு ஒரு கெட்டிமேளம்

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. அருங்காட்சியகம் என்றதும் ஆராய்ச்சி, கல்வெட்டு என்று யாரும் மரியாதையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மிளகு நிறுத்த தராசும் பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவிய கத்தியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதுவும் ஆசிரியர் அதட்டினால்தான். கட்டடத்தை உண்மையில் காப்பாற்றுவது நடுவில் இருக்கும் பெரிய மண்டபம். உயரமான கூரை, பழைய தூண்கள், சுவரில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் படம். கம்பெனிக்காரர்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஹோட்டலில் சாப்பாடு போட்டால் அது சாப்பாடு, எங்கள் மண்டபத்தில் போட்டால் அது கலாச்சாரம். அந்தக் கலாச்சாரத்துக்கு வாத்தியக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பதைப் பத்து வருஷமாகச் செய்துவருகிறேன்.

கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்வது, “லைவ் மியூசிக் வேணும்.” அடுத்த மூச்சிலேயே, “ஆனா சத்தமா இருக்கக் கூடாது.” உயிருள்ள மனிதர்கள் வந்து வாசிக்க வேண்டும், அவர்கள் இருப்பது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. செடிக்குப் பின்னால் உட்கார வைக்க முடியுமா என்று கேட்பார்கள். கறுப்பு உடை போட்டு வரச் சொல்வார்கள். கம்பெனிப் பெரியவர் சூப் குடிக்கும்போது நிறுத்திவிட்டு, குடித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று ஒரு மார்க்கெட்டிங் மேலாளர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

ஒரு காப்புறுதிக் கம்பெனி, வயலின் வாசிப்பவர் மேசை மேசையாக நடந்து வாசிக்க வேண்டும் என்றது. பாவம், அந்த மனிதர் நடந்து நடந்து வாசித்தார். மறுநாள் புகார் வந்தது: விருந்தினர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இடையில் வந்து வயலின் வாசித்துத் தொந்தரவு செய்தாராம். வீடு கட்டி விற்கும் கம்பெனி ஒன்று சித்தார் கேட்டது. வாசித்த பெண் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து ஒருத்தி என் காதருகே வந்து, “அவங்க கொஞ்சம் சிரிச்சா நல்லாருக்கும்லா” என்றாள். வீடு வாங்க வருகிறவனை யார் பார்த்துச் சிரித்தால்தான் என்ன?

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பாடுகிற முதலாளிகள். நல்ல பாடகியை வரவழைத்து, அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, மைக்கை வாங்கி அவரே பாடுவார். கீபோர்ட்காரர் அவர் போகும் சுதிக்கெல்லாம் பின்னாலேயே ஓடி ஓடிப் பிடிப்பார். பாட்டு முடிந்ததும் மொத்த மண்டபமும் எழுந்து நின்று கை தட்டும். அப்படித் தட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.

வாத்தியக்காரர்களும் ஒன்றும் சாமியார்கள் இல்லை. சாக்ஸபோன்காரர் ஒருவர் ஆறு வருஷமாக அதே ஐந்து பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கைப்பேசியில் பந்தாட்ட முடிவு பார்ப்பார். ஆனால் அவர்களுக்குச் சாப்பாடு போடும் லட்சணத்தைப் பார்த்தால் அதைக்கூட மன்னித்துவிடலாம். மண்டபத்தில் ஆட்டுக்கறியும் பெரிய இறாலும் ஆறிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு, உடைந்த பொம்மைகளும் பழைய பெயர்ப்பலகைகளும் அடுக்கியிருக்கும் சாமான் அறையில், பொட்டலமாக நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. விருந்தினர் மேசையிலிருந்து வாத்தியக்காரர்கள் எடுத்துச் சாப்பிடக் கூடாது என்பது கம்பெனிகள் போடும் நிபந்தனை. அந்தப் பொட்டலங்களை எண்ணி வாங்கி வைப்பது நான்தான். இப்படி எல்லாரையும் இளக்காரமாகப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. என்னவோ நான் மட்டும் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவள் என்கிற நினைப்பு.

அப்போதுதான் கெலாங் பாத்தா பக்கத்திலிருக்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை எங்கள் மண்டபத்தைக் கேட்டது. இருபத்தைந்து வருஷம் வேலை செய்த தொழிலாளர்களுக்குப் பாராட்டு விருந்து, சனிக்கிழமை மதியம். கேட்டதும் எனக்கு நெஞ்சு பூரித்துப்போனது. என் அக்கா வேலை செய்யும் தொழிற்சாலை அது.

அக்கா சாஆ என்கிற ஊரில் ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பிப் போய் அங்கே சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அன்று முதல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்காகக் கம்பெனி அவளுக்குத் தடிமனான ஒரு மூக்குக்கண்ணாடியைப் பரிசளித்திருக்கிறது. நான் காலேஜுக்குப் போனது அவள் பார்த்த ஓவர்டைமில்தான். குடும்பத்தில் யாரும் இதை அடிக்கடி சொல்லிக்காட்டுவதில்லை. சொல்லிக்காட்டாததால் எனக்கும் அது அடிக்கடி மறந்துபோகும்.

தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் நம்மவர். நல்ல தமிழ் பேசத் தெரிந்தவர், பேசும் விஷயம்தான் நல்லதாக இருக்காது. முதல் சந்திப்பிலேயே அவருக்கு வேண்டியதைச் சொன்னார். கம்பெனித் தலைவரான பெரியவர் வரும்போது மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளம், மேடை திறக்கும்போது சீனர்களின் சிங்க நடனம், பாராட்டு நடக்கும்போது நாதஸ்வரம். மூன்று இனத்துக்கும் ஒவ்வொரு சத்தம், யாரும் குறை சொல்ல முடியாது.

“நாதஸ்வரம் மட்டும் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லலாமா மேடம்? ஸ்பீட் இல்ல, வால்யூம்.”

“நாதஸ்வரத்துல வால்யூம் பட்டன் கிடையாது சார்.”

“தவில்ல?”

“அதுல சுத்தமா கிடையாது.”

அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அடுத்த தலைவலி எங்கள் அருங்காட்சியகக் காப்பாளரிடமிருந்து வந்தது. கண்ணாடிப் பெட்டிகள் அதிரும் என்று அவர் சிங்க நடனத்தின் பெரிய டோலுக்குத் தடை போட்டார். கடைசியில் சிங்கம், ஒலிபெருக்கியில் போட்ட பதிவுக்கு ஆடுவது என்று முடிவாயிற்று. தவிலுக்காக நான் மன்றாடினேன். கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து தள்ளி, மேடைக்குப் பக்கத்திலேயே, பேச்சாளர் நிற்கும் இடத்துக்கு ஒரு கை தூரத்தில் அவர்களை உட்கார வைப்பதாகச் சொன்ன பிறகுதான் காப்பாளர் சம்மதித்தார்.

இரண்டாவது சந்திப்புக்கு வந்த மேலாளர், அறைக்கதவைச் சாத்திவிட்டு நிகழ்ச்சி நிரலை மேசைமேல் வைத்தார். தலைவர் உரை. அதற்குக் கீழே, முக்கிய அறிவிப்பு. அதற்குக் கீழே, லைவ் மியூசிக், பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘லௌட்’ என்று போட்டிருந்தது. முதல் சந்திப்பில் சத்தம் வேண்டாம் என்றவர் இவர்தான்.

“என்ன அறிவிப்பு சார்?”

“இது நமக்குள்ள இருக்கட்டும் மேடம். கம்பெனிய வேற நாட்டுக்கு மாத்தறோம். இங்க மூடறோம். பெரியவரு ஹெட் ஆபீஸ்லேந்து வர்றாரு, அவரே சொல்லிடணும்னு மேலிடத்து உத்தரவு. பழைய ஆளுங்க எல்லாரும் ஒரே எடத்துல இருக்கற நாளு அது ஒன்னுதான்.”

இருபத்தைந்து வருஷம் உழைத்ததற்குப் பாராட்டு என்று கூப்பிட்டு உட்கார வைத்து, சோறு போட்டு, போய் வாருங்கள் என்று சொல்லப்போகிறார்கள்.

“அதான் மேடம் ஒங்க மேளம் முக்கியம். அவரு பேசி முடிச்ச ஒடனே நான் கைய தூக்குவேன். கெட்டிமேளம் மாதிரி சும்மா அதிரணும். இல்லன்னா யாராவது அழுவாங்க, யாராவது எழுந்து கேள்வி கேப்பாங்க. மூட் டவுன் ஆயிரும். மேளம் அடங்கறதுக்குள்ள அவார்டு குடுக்க ஆரம்பிச்சிடலாம்.”

பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். இதைத் தானே யோசித்துக் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பிறகு கோப்பியைக் குடித்து முடித்து, வாடிக்கையாளர் ரகசியத்தைக் காப்பதாக நாங்கள் எல்லாக் கம்பெனிகளிடமும் போடும் கையெழுத்தை ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. அந்த வெறுப்போடு நிரலைச் சுத்தமாக டைப் அடித்து அவருக்கே அனுப்பி வைத்தேன்.

இடையில் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். முதல் தடவை, “என்னென்ன வெச்சிருக்கீங்க? எங்க பெரியவரு என்ன பேசப் போறாராம்?” என்று கேட்டாள்.

“பாராட்டிப் பேசுவாரு. வேற என்ன பேசுவாரு?”

இரண்டாவது தடவை, சேலை எடுத்துவிட்டதாகவும், கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் பட்டிலேயே வருவதாகவும் சொன்னாள். பிறகு சும்மா போகிற போக்கில், “நிரலெல்லாம் ஒன் கையாலதான் ஓடுமா?” என்றாள்.

“ஆமாக்கா, என் கையாலதான்.”

“சரி.”

நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அப்போது என்னிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அக்காவிடம் சொன்னால் மறுநாள் காலை கேண்டீன் முழுக்கப் பரவிவிடும். பரவினால் சொன்னவள் யார் என்று தேடுவார்கள். அவள் சேலை எடுத்திருக்கிறாள், அந்தச் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும். காரணங்களை இப்படி அடுக்கி வைப்பதில் நானும் மேலாளருக்கு இளைத்தவள் இல்லை.

மேளக்குழுவின் தலைவர் தவில்காரர். சிகாமட்டுக்காரர். திங்கள் முதல் வெள்ளி வரை சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார், சனி ஞாயிறில் கல்யாண மேளம். அவரைக் கூப்பிட்டு, பெரியவர் பேசி முடித்ததும் மேலாளர் கையைத் தூக்குவார், கெட்டிமேளம் வேண்டும் என்றேன்.

“எதுக்கும்மா? அங்க யாருக்குத் தாலி கட்டறாங்க?”

“அவார்டு குடுக்கறாங்கண்ணே. ஒரு சந்தோஷத்துக்கு.”

“தாலி இல்லாம கெட்டிமேளமா? நல்லாத்தான் இருக்கு ஒங்க ஊரு மியூசியம்” என்று சிரித்தார். அவரிடமும் பூசி மெழுகியாயிற்று.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனி பஸ்கள் வந்து நின்றன. இறங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பட்டுச்சேலை, மலாய்ப் பெண்களின் பாஜு குரோங், சீனப் பெண்களின் சிவப்புச் சட்டை. வாரம் முழுக்கத் தலையிலிருந்து கால் வரை வெள்ளைக் கவுனில் மூடி, கண் மட்டும் தெரிய நிற்கிறவர்கள். ஒருவரை ஒருவர் நகையோடு பார்ப்பதே அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. அக்கா கரும்பச்சை கட்டியிருந்தாள். நேராகப் பால்மரம் சீவும் பொம்மையிடம் போய் நின்றாள். கண்ணாடிக்குள், தலையில் துண்டு கட்டிய ஒரு தமிழ்ப் பெண் பொம்மை, மரத்தடியில் பால் பிடிக்கும் மங்கு, கையில் கத்தி.

“இது யாருடி செஞ்சது? கத்திய இப்படிப் புடிச்சா மொத மரத்துலயே வெரல் போயிரும்” என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பொம்மைக்கு ஆலோசனை சொல்ல அவர் ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்.

கொம்பாங் அடித்துப் பெரியவர் வந்தார். ஒலிபெருக்கிச் சத்தத்துக்குச் சிங்கம் ஆடியது. பதிவு ஒரு இடத்தில் நின்றுபோய், சிங்கம் ஒற்றைக் காலைத் தூக்கியபடி காத்திருந்தது. சாப்பாடு நடந்தது. மேளக்காரர்கள் மேடை ஓரத்தில், பேச்சாளர் மேசையை உரசாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் போடுபவர் ஒருவர். மேலாளர் எதிர்ப்பக்கம் தூணருகே நின்று, கையைத் தூக்கத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பெரியவர் எழுதி வைத்ததைப் படிக்கும் ரகம். தலையைத் தூக்காமல், ஒரே தொனியில் ஆங்கிலத்தில் படித்தார். இந்தப் பயணம் என்றார், இந்தக் குடும்பம் என்றார். இரண்டாவது தாளுக்குப் போனார். கடினமான முடிவு என்றார். செயல்பாடுகளின் கடைசி நாள் என்று ஆரம்பித்தார்.

தேதி வாயிலிருந்து வருவதற்குள் தவில்காரர் விரலைத் தூக்கி ஆட்டினார். மேலாளர் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தவிலும் ஒன்றாக இறங்கின, இரண்டு நாதஸ்வரமும் உச்சத்தில் ஏறின. அந்த உயரமான கூரையும் தூண்களும் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தன. மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி கிடுகிடுவென்று அதிர, காப்பாளர் ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் நிறுத்தினாரா? இல்லை. தாளில் இருப்பதைப் படித்து முடிக்காமல் அவர் நிற்க மாட்டார். அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு தாள், இன்னொரு தாள். தேதி, ஏற்பாடுகள், ஆழ்ந்த வருத்தம், எல்லாமே அதில் இருந்திருக்கும். ஒரு சொல்கூட முதல் வரிசையைத் தாண்டவில்லை. கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதைப் பார்த்ததும் தவில்காரர் முத்தாய்ப்பு வைத்து நிறுத்தினார். மொத்த மண்டபமும் கை தட்டியது. சில பெண்கள் விசிலும் அடித்தார்கள். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. தொழிற்சாலையை மூடுகிறேன் என்று சொன்னதற்கு விசில் வாங்கிய முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். நெஞ்சில் கை வைத்து, இரண்டு முறை குனிந்து வணக்கம் சொன்னார்.

பரிசளிப்பு தொடங்கியது. ஒவ்வொருவராக மேடையேறி, கண்ணாடிக் கேடயத்தை வாங்கி, பெரியவர் கையைக் குலுக்கி, படமெடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அக்காவும் ஏறினாள். நான் சாமான் அறைக்கு ஓடிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேளக்காரர்களும் அங்கே சாப்பிட வந்தார்கள். தவில்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கோபமாகக் கேட்டார், “ஏம்மா, அந்தாளு சபையில என்ன பேச்சு பேசறான்? இத்தன பேரு பட்டுக் கட்டிக்கிட்டு வந்து ஒக்காந்திருக்காங்க, கடைசி நாளு, மூடறோம்னு ஆரம்பிக்கிறான். சிங்கப்பூர்ல ஓட்டறேன், அந்த அளவுக்கு இங்கிலீசு எனக்கும் புரியும்.”

“மேலாளர் கைய தூக்கின பெறகுதானேண்ணே வாசிக்கச் சொன்னேன்.”

“அபசகுனமா ஒரு வார்த்த வந்தா அது காதுல விழாமப் பாத்துக்கறதுதான்மா கெட்டிமேளம். கல்யாணத்துல ஒருத்தன் தும்மினாலே அமுக்கிருவோம். அவன் முழுசா சொல்லி முடிக்கட்டும்னு எவன் கையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பான்?” பிறகு குரல் இறங்கியது. “ஒங்களுக்கு ஏதும் பிரச்சன ஆயிருச்சாம்மா?”

நான் பதில் சொல்வதற்குள் மேலாளர் உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ தவில்காரரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். “அண்ணே, சூப்பர்ணே! நான் சொன்னதவிட நல்லா வந்திருச்சு. அறிவிச்சாச்சு, கை தட்டியாச்சு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. ரிப்போர்ட்ல அப்படியே போட்டுர்றேன், அறிவிப்பு செய்யப்பட்டது, ஊழியர்கள் உற்சாகமா வரவேற்றாங்கன்னு.”

அவர் போன பிறகு தவில்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நடந்தது என்ன என்று அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. அந்த மக்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவர் செய்தது, கம்பெனிக்குத்தான் கச்சிதமாக உதவியிருந்தது. இனிமேல் கல்யாணம், கோயில் தவிர வேறு எதற்கும் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமலே தவிலைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நேரத்திலும் அதை மேலாளர்மேல்தான் போட்டேன். அவனைப் போன்ற ஆட்களால்தான், என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

பஸ்கள் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. அக்கா கேடயப் பெட்டியை மார்போடு அணைத்தபடி வெயிலில் நின்றிருந்தாள். அவள் கூட்டாளிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி, மரநிழலுக்கு வந்தாள்.

“மேளத்துல ஒன்னுமே கேக்கல. பெரியவரு அவ்ளோ நேரம் என்னடி படிச்சாரு?”

இப்போது கையெழுத்து இல்லை, கேண்டீன் இல்லை, சந்தோஷத்தைக் கெடுக்கும் பேச்சும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கம்பெனியின் கடிதம் எப்படியும் அவள் கைக்கு வரப்போகிறது. ஆனாலும் என் வாய், பத்து வருஷமாக வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசிப் பழகிப்போன வாய், தானாகவே பேசியது.

“ஒங்களுக்கெல்லாம் நன்றி சொன்னாருக்கா. ஒங்க ஒழப்பாலதான் கம்பெனி நிக்குதுன்னாரு.”

அக்கா அந்தத் தடிமனான கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“லைன்ல பாதி மெஷினு போன மாசமே போயிருச்சு” என்றாள். “நாங்கதான் கழட்டினோம். நாங்கதான் பிளாஸ்டிக் சுத்திப் பொட்டியில அடச்சோம். எந்த ஊருக்குப் போவுதுன்னு பொட்டி மேல சீட்டு ஒட்டினதே நான்தான்.”

“அப்போ எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சுமா கை தட்டினீங்க?”

“அவன் முன்னால அழுவச் சொல்றியா? இருவத்தஞ்சு வருசத்துல ஒரு நாளு எல்லாரும் ஒன்னா ஒக்காந்து சாப்பிட்டோம். மேளம் வாசிச்சவங்க நல்லா வாசிச்சாங்க. தட்டினோம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. குரலும் உயரவில்லை.

“என்னா நடக்கப் போவுதுன்னு ஒனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் ரெண்டு தடவ போன் போட்டுக் கேட்டேன். இப்ப நேர்லயும் கேட்டேன்.”

டிரைவர் ஹார்ன் அடித்தார். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். உள்ளே யாரோ ஏதோ சொல்ல, பெரிய சிரிப்பொலி கேட்டது. பஸ் நகர்ந்தது. நான் கை காட்டினேன். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அக்கா ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வருகிறாள், என் பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் செய்து கொடுக்கிறாள், ஊர்க்கதையெல்லாம் பேசுகிறாள். நான் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “அட, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு” என்கிறாள். பொய் சொல்கிறவள் இல்லை, மறந்துமிருப்பாள்.

போன மாதம் கண் பரிசோதனைக்காக என் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். கிளினிக் சனிக்கிழமை மதியம்வரை திறந்திருக்கும் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். நான் அடுப்படிக்குப் போனதும், அவள் கிளினிக்குக்குப் போன் போட்டு, சனிக்கிழமை திறந்திருக்குமா என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பது எனக்குக் கேட்டது.